இரவல் மாப்பிள்ளை

என் அப்பா என் அம்மாவை "அத்தை" என்று கூப்பிட்டார். அம்மா கையிலிருந்த காபி டம்ளர் கீழே விழுந்தது. நான் ஓடிவந்து பார்த்தபோது அப்பா சோபாவின் நுனியில், பெண் பார்க்க வந்தவர் மாதிரி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா இல்லையா அத்தை?" என்று கேட்டார்.

"எந்த மாமா?"

"மாமாதான். கோமதிநாயகம் மாமா."

"அது நீங்கதாங்க!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். அப்பா சங்கடத்தோடு என் பக்கம் திரும்பி, "மதி, உங்க வீட்டுல எப்பவுமே இப்படித்தானா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து என் கணவர் இசக்கிராஜன் மாதத்துக்கு ஒருமுறையாவது என்னிடம் சொல்கிற வாக்கியம் அது. குரல் மட்டும்தான் அப்பாவுடையது.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எங்கள் குடும்பத்தைப் பற்றித் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

அப்பா கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். அவர் விசில் ஊதாமல் ஒரு வண்டி நகராது. ஒரு நிமிஷத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொள்ளும் டிரைவர்கள்கூட அப்பா வாட்சைத் திருப்பிக் காட்டினால் அடங்கிப் போவார்கள். பிறகு டிரைவர் இல்லாத பஸ்கள் வந்தன. அவை தாமாகவே நேரம் பார்த்துத் தாமாகவே கிளம்பின. அப்பா விசிலைக் கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். வாட்சை மட்டும் கழற்றவில்லை.

போன வருஷம் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். பிழைத்துக்கொண்டார். பேச்சும் ஓரளவு வந்தது. ஆனால் எதற்கு என்ன செய்வது என்பது போய்விட்டது. பல் தேய்க்கிற பிரஷ்ஷைக் கொடுத்தால் தலை சீவினார். யாராவது சிரித்தால் அழுதார். முன்பெல்லாம் என்னை "தாயி" என்றுதான் கூப்பிடுவார். விழுந்த பிறகு ஒருமுறைகூட அந்த வார்த்தை வரவில்லை. நான் மதுரையிலிருந்து வாரம் தவறாமல் வந்துவிடுவேன். கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, "அப்பா சாப்பிட்டாராம்மா? நல்லாத் தூங்கினாராம்மா?" என்று விசாரிப்பேன். அம்மா விவரம் சொல்லுவாள். அப்பா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அப்போதுதான் டாக்டர் ஜெபராணி அந்த 'இரவல்' சிகிச்சையைச் சொன்னார்.

"பாலம் இடிஞ்சுட்டா ஊருக்குப் போறதையே நிறுத்திடுவோமா? பக்கத்துல மாற்றுப்பாதை போட்டு வண்டியை விடுவோம்ல? அதேதான். வேற ஒருத்தர் காதுக்குப் பின்னாடி ஒரு பட்டை, உங்க அப்பா காதுக்குப் பின்னாடி ஒரு பட்டை. எதுக்கு எப்படி நடந்துக்கணும்னு அந்த மூளை இந்த மூளைக்குச் சொல்லிக் கொடுத்துக்கிட்டே இருக்கும். சொந்தப் பாலம் கட்டி முடியிறவரைக்கும் இரவல்."

"என் மூளையை எடுத்துக்கோங்க டாக்டர்" என்றேன்.

"பொருத்தம் பாக்கணும்மா. ரத்த சொந்தமெல்லாம் இதுக்குக் கணக்கில்ல. ஒரே விஷயத்துக்கு ஒரே மாதிரி கோபம் வரணும், ஒரே மாதிரி வீம்பு வரணும். அதுதான் பொருத்தம்."

எனக்குப் பொருந்தவில்லை. அம்மாவுக்குச் சுத்தமாகப் பொருந்தவில்லை. காரை ஓட்டிக்கொண்டு வந்த பாவத்துக்கு இசக்கிராஜனையும் உட்கார வைத்துப் பார்த்தார்கள். இயந்திரம் சந்தோஷத்தில் கூவியது.

எங்கள் கல்யாணத்துக்கு ஜாதகம் பார்த்தபோது எனக்கும் அவருக்கும் பத்தில் ஆறு பொருத்தம்தான் இருந்தது. அவருக்கும் அப்பாவுக்கும் பத்துக்குப் பத்து. இத்தனைக்கும் இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. மாப்பிள்ளை அழைப்பு தாமதமாக வந்தது என்று அப்பா மண்டப வாசலிலேயே, ஊர் முன்னால், மாப்பிள்ளைக்கு வாட்சைத் திருப்பிக் காட்டியவர். அன்றிலிருந்து இவர் அந்த வீட்டில் எப்போதும் அரை முறுக்கோடுதான் இருப்பார். அவருக்கு இலை முதலில் போட வேண்டும், ஃபேனுக்குக் கீழே இருக்கிற பிரம்பு நாற்காலி அவருக்குத்தான், தண்ணீர்ச் செம்பு கேட்காமலே வர வேண்டும். இதில் எது தவறினாலும் முகம் தொங்கிவிடும்.

"நானும் மாமாவும் ஒரே மாதிரியா?" என்றார் இசக்கிராஜன், யாரோ அடித்த மாதிரி. அப்பா விழுந்த பிறகு அம்மா முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

"கொடுக்கிறவங்க பழக்கம் கொஞ்சம் ஒட்டும். காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிடும்" என்று டாக்டர் போகிறபோக்கில் சொன்னார். அந்த ஒட்டுதல்தான் சோபா நுனியில் உட்கார்ந்துகொண்டு மாமா எங்கே என்று கேட்டது.

போன் செய்தோம். "எதிர்த்துப் பேசிடாதீங்க, குழம்பிடுவார். அவர் போக்குலயே விடுங்க" என்றார் டாக்டர்.

விட்டோம். அம்மாவுக்கு அது கஷ்டமாகவே இல்லை என்பதுதான் வேடிக்கை. எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகன் எதிரில் நின்று பேச மாட்டாள், சமையலறைக் கதவுக்குப் பின்னால் பாதி உடம்பை மறைத்துக்கொண்டுதான் பேசுவாள். யாராவது "அத்தை" என்று அழைத்துவிட்டால் போதும், அம்மாவின் கால்கள் தாமாகக் கதவுக்குப் பின்னால் போய்விடும். கட்டின புருஷனிடம் கதவு இடுக்கு வழியாக, "மாப்பிள்ளைக்கு இட்லியா தோசையா?" என்று கேட்க ஆரம்பித்தாள். அப்பாவும் கையை நனைக்குமுன், "நீங்க சாப்பிட்டீங்களா அத்தை?" என்று மரியாதையாக விசாரிப்பார். அது என் கணவர் வழக்கமாகக் கேட்பது. பதிலுக்குக் காத்திருக்க மாட்டார் என்பதும் வழக்கம்.

ஒரு நாள் அம்மா கேசரி கிண்டினாள். அப்பாவுக்குக் கேசரி என்றால் உயிர். கிண்ணத்தைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது.

"தப்பா எடுத்துக்காதீங்க அத்தை. எனக்குக் கேசரின்னாலே ஆகாது. ஒவ்வொரு தடவையும் நீங்க ஆசையாக் கொடுக்கீங்கன்னு வாங்கிட்டு, கொல்லைப்பக்கம் போய்க் கறிவேப்பிலைச் செடிக்குத்தான் போடுறேன்."

அம்மா உடனே இசக்கிராஜனுக்கு வீடியோ கால் போட்டாள். "மாப்பிள்ளை, எங்க கறிவேப்பிலைச் செடியில ஏன் எப்பவும் எறும்பு மொய்க்குதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது" என்றாள். அவர், "மாமாவுக்கு மூளை சரியில்ல அத்தை, ஏதாவது சொல்லுவாரு" என்று சமாளித்தார். ஆனால் காது இரண்டும் சிவந்திருந்தன. டாக்டர் மட்டும் ஆனந்தப்பட்டார். இணைப்பு அபாரமாக வேலை செய்கிறதாம்.

அடுத்து கோபித்துக்கொண்டு கிளம்பும் படலம். வடை வருமுன் சோறு வந்துவிட்டது என்று ஒரு நாள் அப்பா எழுந்தார். "நான் எங்க வீட்டுக்குக் கிளம்புறேன்" என்றார், அவர் கட்டிய வீட்டில் நின்றுகொண்டு. காலை இழுத்து இழுத்து வாசல்வரை நடந்து, கேட்டைப் பிடித்துக்கொண்டு, வாட்சைப் பார்த்தபடி நின்றார். போய்விட மாட்டார். யாராவது வந்து கெஞ்ச வேண்டும். அம்மா போய், "ஏதோ தெரியாம நடந்துபோச்சு, மனசுல வச்சுக்காதீங்க, உள்ள வாங்க மாப்பிள்ளை" என்றதும் அதே காலை இழுத்து இழுத்துத் திரும்பி வந்தார். பிசியோதெரபி செய்ய வந்த தம்பி தலைகீழாக நின்றும் அவரை நாலு எட்டு நடக்க வைக்க முடியவில்லை. இப்போது தினமும் கோபம், தினமும் வாசல், தினமும் திரும்பி வருதல். கால் தேறிக்கொண்டே வந்தது.

இதற்கிடையில் சங்கரன்கோவிலில் இசக்கிராஜனின் பெரியத்தை தவறிவிட்டார். நான் அப்போது கோவில்பட்டியில் இருந்ததால், இவர் மட்டும் இழவு வீட்டுக்குப் போய்த் துட்டி விசாரித்துவிட்டு வந்தார்.

அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் கோவில்பட்டிக்குப் போனோம். வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டு மாப்பிள்ளைகள். நாற்காலி ஒன்று. அதில் அப்பா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க தம்பி. நீங்க யாரு, மதிக்குச் சொந்தமா?" என்றார்.

"நான்தான் மாமா மாப்பிள்ளை!"

"ஒரு வீட்டுக்கு எத்தன மாப்பிள்ளை வரும்?" என்று அப்பா கதவுப் பக்கம் பார்த்து நியாயம் கேட்டார். கதவுக்குப் பின்னால் அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட உட்கார்ந்தார்கள். முதல் இலை அப்பாவுக்குப் போனது. முதல் வடையும், முதல் அப்பளமும் போயின. அப்பா கேசரியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். செம்பில் தண்ணீர் இல்லை என்று அவர் புருவத்தைத் தூக்கிய விதத்தைப் பார்த்து என் கணவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார்.

காரில் திரும்பும்போது அவர், "நான் இப்படியா மதி உக்காருவேன்?" என்று கேட்டார்.

"இதைவிடக் கொஞ்சம் சாய்ஞ்சு உக்காருவீங்க."

அன்று வீட்டில் தன் தட்டைத் தானே கழுவினார். நான் பயந்துபோய் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

இதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. மறுவாரம் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் தனியாகக் கூப்பிட்டார்.

"இந்நேரத்துக்கு ஒட்டினது உதிர்ந்திருக்கணும். உதிரலை. உங்க அப்பா மூளை இரவல் வாங்குறதையே நிறுத்திடுச்சு, அப்படியும் மாப்பிள்ளையாவே இருக்கார். அப்படின்னா அது வேர் பிடிச்சாச்சும்மா. உள்ள பழைய தடம் ஒண்ணு, புதுத் தடம் ஒண்ணு. ரெண்டும் மோதிக்கிட்டா மறுபடியும் அட்டாக் வர வாய்ப்பு இருக்கு. சின்ன ஆபரேஷன் பண்ணிப் பழைய தடத்தை மூடிடலாம்."

"மூடினா?"

"நல்லா நடப்பார், நல்லாப் பேசுவார். ஆனா கடைசிவரைக்கும் உங்க அம்மாவுக்கு மருமகனாத்தான் இருப்பார்."

"எனக்கு?"

டாக்டர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். கையெழுத்துப் போட்டேன். அவர் உயிரோடு இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் தோன்றியது. இனிமேல் யார் என்னைத் தாயி என்று கூப்பிடுவார்கள் என்று இன்னொரு பக்கம் அடித்துக்கொண்டது. வராந்தாவில் நின்று அழுதேன். "நான் ரெண்டு பேரா இருக்கிறதை என்னாலயே தாங்க முடியல மதி, நீ எப்படித் தாங்குவ" என்று இசக்கிராஜனும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அம்மாவைப் பயமுறுத்த வேண்டாமென்று, சின்ன டெஸ்ட் ஒன்று இருக்கிறது என்று மட்டும் சொன்னோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலை. கோவில்பட்டிக்குக் கிளம்புமுன் கொஞ்சம் சோறு வைத்துவிட்டுப் போகலாமென்று குறைந்துபோயிருந்த அரிசி ட்ரம்முக்குள் அடிவரை கையை விட்டேன். விரலில் ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தேன். இரவல் பட்டை. என் கணவரின் காதுக்குப் பின்னால் இருக்க வேண்டியது. கொஞ்ச நாளாக அவர் காதை மறைக்கிற மாதிரி முடி வளர்த்துக்கொண்டு அலைந்ததன் ரகசியம் அப்போதுதான் புரிந்தது.

ஆபீஸுக்குப் போன் அடித்தேன்.

"ஏங்க, அரிசி ட்ரம்முல என்ன இருக்கு?"

"அரிசி."

"அரிசிக்குள்ள?"

பதில் மெதுவாக வந்தது. "பெரியத்தை துட்டிக்குப் போனேன்ல. திரும்பி வந்ததும் எங்க அம்மா வாசல்லயே வாளியோட நின்னாங்க. பட்டையைக் கழட்டிக்கிறேம்மான்னு சொன்னேன். துட்டி வீட்டுக்குப் போட்டுட்டுப் போனது அம்புட்டும் நனையணும், அது ஒண்ணை மட்டும் விட்டா தீட்டு நிக்கும்னு தலையோட ஊத்திட்டாங்க. போன் நனைஞ்சா அரிசியிலதான போடுவோம்..."

"போட்டுட்டு?"

"தினமும் எடுத்துப் பாக்குறேன் மதி. உயிரே வரல. உன்கிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சு. ஆனா மாமா பாட்டுக்கு மாப்பிள்ளையாத்தான இருந்தாரு? சரி, அரிசிக்குள்ள இருந்தே போகுது போலன்னு நினைச்சுக்கிட்டேன்."

போனை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். பெரியத்தை செத்த நாளிலிருந்து இந்தப் பட்டையும் செத்துத்தான் கிடக்கிறது. அப்படியானால் அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் இலையில் உட்கார்ந்து சாப்பிட்டது யார்?

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா பிரம்பு நாற்காலியில் இருந்தார். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம்போல் கதவுக்குப் பின்னால் நின்றாள். பட்டையை அப்பா மடியில் வைத்தேன். இரண்டு அரிசி அவர் வேட்டியில் உதிர்ந்தன.

"இது செத்துப்போய் எத்தனையோ நாளாச்சு" என்றேன்.

அப்பா அதைப் புரட்டிப் பார்த்தார். பிறகு வாட்சைப் பார்த்தார்.

"ரொம்ப லேட்டு தாயி" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் எனக்கு வந்த கோபமெல்லாம் போய், அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "ஏம்பா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"மொதல்ல நெசமாவே ஒண்ணும் வெளங்கல. நான் யாரு, இது யாரு வீடுன்னு ஒரே மூட்டமா இருந்துச்சு. ஒரு நாள் காலையில எந்திரிக்கேன், எல்லாம் தெளிஞ்சு கெடக்கு. சொல்லிடணும்னுதான் வாயெடுத்தேன். அதுக்குள்ள உங்க அம்மா வந்து, மாப்பிள்ளைக்கு இட்லியா தோசையான்னு கேட்டா."

"அதனால?"

"என்னையக் கேட்டா தாயி. என்னைய! கீழ விழுந்ததுல இருந்து யாராவது என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் கட்டில்ல கெடக்கேன், நீ என் தலைமாட்டுல நின்னுக்கிட்டு, அப்பா சாப்பிட்டாராம்மாங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. நோயாளியா இருந்தா கஞ்சி எப்பம்னு அடுத்தவன் முடிவு பண்ணுவான். மாப்பிள்ளையா இருந்தா ஃபேனை எத்தனையில வைக்கட்டும்னு கேக்காங்க. நீயே சொல்லு, நான் எதா இருக்கட்டும்?"

எனக்கு அவமானமாக இருந்தது. வந்த காரியத்தை மட்டும் சொன்னேன். "நாளைக்கு ஆபரேஷன்பா."

"யாருக்கு?"

"உங்களுக்கு."

அப்பா நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். கோபத்தில் கால்கூட இழுக்கவில்லை. "எனக்கா? எனக்கே தெரியாம எனக்கு ஆபரேஷனா? ஓட்டை வண்டியைக்கூட டிரைவர்கிட்டச் சொல்லிட்டுத்தான் தாயி கிளப்பினேன்!"

"டெஸ்ட்டுன்னுல்ல சொன்ன?" என்று கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா முழுதாக வெளியே வந்தாள். "ஏட்டி, இவருக்கு என்னத்துக்கு ஆபரேஷன்? இவருதான் எப்பவோ சரியாயிட்டாரே!"

நானும் அப்பாவும் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்தோம்.

"ஒனக்குத் தெரியுமா?" என்றார் அப்பா.

"கேசரியைப் பாத்ததும் மூஞ்சியைச் சுளிச்ச மனுஷன், திடீர்னு ஒரு நாள் சட்டியை வழிச்சு நக்குனா தெரியாதாக்கும்?"

"அப்புறம் எதுக்கும்மா கதவுக்குப் பின்னாடி நின்ன?" என்றேன்.

"வாசல்வரைக்கும் நடக்காருல்ல, அதைக் கெடுப்பானேன்னுதான்." அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு கொஞ்சம் நிறுத்தினாள். "அதோட, கல்யாணமான நாள்ல இருந்து நான் சாப்பிட்டேனான்னு இந்த மனுஷன் ஒரு நாள் கேட்டதில்ல. மாப்பிள்ளையான பொறவுதான் தினம் கேக்காரு. பதில் சொல்றவரைக்கும் கையை நனைக்காம இருக்காரு. அதையும் ஏன் கெடுப்பானேன்னுதான்."

அப்பா வாட்சைப் பார்த்தார். பார்க்க வேறு இடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

டாக்டருக்குப் போன் போட்டு அப்பா கையிலேயே கொடுத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் ஸ்டாண்ட் மைக்கில் பேசுகிற குரலில், "அம்மா, நாளைக்குக் காலையில கிளம்ப வேண்டிய வண்டி ரத்து. பயணி வரமாட்டேங்காரு" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் என்னென்னவோ கேட்டார். எல்லாவற்றுக்கும் அப்பாவே பதில் சொன்னார். பதில் சொல்லச் சொல்ல அவர் முதுகு நிமிர்ந்தது. கடைசியில் டாக்டரே சிரித்துவிட்டு, நாளைக்கு வந்து காட்ட உங்களுக்கு எப்போது வசதிப்படும் என்று அவரிடமே நேரம் கேட்டார்.

நான் பையை வைத்துவிட்டு முகம் கழுவி வந்தேன். மேஜையில் மத்தியான மாத்திரைகள் அப்படியே இருந்தன.

"அப்பா மாத்திரை போட்டாராம்மா?" என்றேன், பழக்கத்தில்.

அம்மா காதில் விழாத மாதிரி உள்ளே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.

"அப்பா, மாத்திரை போட்டீங்களா?"

"இன்னும் இல்ல தாயி. யாராவது கேக்கட்டும்னுதான் உக்காந்திருக்கேன்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். விழுங்கினார். செம்பைக் கீழே வைத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, தயங்கி, மறுபடியும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆவுடை, நீ சாப்பிட்டியா?"

அம்மா தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு, விறுவிறுவென்று கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்துதான் பதில் வந்தது.

"இன்னும் இல்லைங்க."